ஃபில்டரை மாற்றியும் பழைய ரூட்டுகள் ஏன் போகவில்லை?

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சின்ன நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறார். ரூட்டர் இருப்பது கோலாலம்பூர் பக்கத்து டேட்டா சென்டர் ஒன்றில், லினக்ஸ் சர்வரில் பேர்ட் 2 என்ற ரூட்டிங் மென்பொருள் ஓடுகிறது, இரண்டு அப்ஸ்ட்ரீம் (இணையத்தோடு இணைத்துவிடும் சேவை நிறுவனங்கள்), நெட்வொர்க்குகள் நேரடியாகச் சந்திக்கும் எக்ஸ்சேஞ்ச் ஒன்றோடு ஓர் இணைப்பு. இரண்டாவது அப்ஸ்ட்ரீம் அனுப்பும் சில பிரிஃபிக்ஸ்களை (ஐபி முகவரித் தொகுதிகளை) இனி ஏற்க வேண்டாம் என்று, உள்ளே வரும் ரூட்டுகளை வடிகட்டும் இம்போர்ட் ஃபில்டரை மாற்றி 'கன்ஃபிகர் சாஃப்ட்' கொடுத்தார். 'ரீகன்ஃபிகர்ட்' என்று பதில் வந்தது, பிழை எதுவும் காட்டவில்லை. மறுநாள் பார்த்தால் பெரும்பாலான ரூட்டுகள் அப்படியே இருக்கின்றன, ஆனால் சிலது மட்டும் போய்விட்டன. மேலதிகாரி சர்வீஸையே ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார், பகல் நேரத்தில் அதைச் செய்ய இவருக்கு மனம் வரவில்லை. இது பேர்டில் உள்ள பிழையா, ரீஸ்டார்ட் இல்லாமல் சரிசெய்ய முடியுமா என்பது கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பிழை இல்லை. ரீஸ்டார்ட் தேவையில்லை, தயவுசெய்து செய்யவும் வேண்டாம். நீங்கள் கொடுத்த கட்டளை சொன்னதைத்தான் செய்திருக்கிறது. பாக்கி இருப்பது ஒரு 'ரீலோட் இன்', அந்த அப்ஸ்ட்ரீமின் பெயரோடு. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அடுத்த முறை வேறு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கோலாலம்பூரில் சேவை நிறுவனங்களின் ரூட்டர்களோடு பல வருடம் வேலை செய்ததில், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறுவது இதே இடத்தில்தான் என்று பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபியில், ஒரு ரூட் பியரிடமிருந்து (எதிர்ப்பக்க ரூட்டரிடமிருந்து) வந்து சேரும்போது இம்போர்ட் ஃபில்டர் அதன் மேல் ஒரு தடவை ஓடுகிறது. ஏற்றுக்கொண்டால் ரூட் டேபிளில் போய் உட்காரும், தள்ளிவிட்டால் பேர்ட் அதை மறந்தே போகும். உட்கார்ந்த ரூட்டை அதற்கப்புறம் யாரும் மறுபடி விசாரிப்பதில்லை. பியரோடான பிஜிபி இணைப்பு, அதாவது செஷன், எழும்போது பியர் தன் முழுப் பட்டியலையும் ஒரு முறை அனுப்புகிறது, அதன் பிறகு மாற்றங்களை மட்டுமே அனுப்புகிறது. நிலையாக இருக்கும் ஒரு பிரிஃபிக்ஸ் வாரக்கணக்கில் மறுபடி வராமலே இருக்கலாம். ஆகவே ஃபில்டர் மாற்றம் என்று நாம் ஒரே வேலையாக நினைப்பதில் மூன்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன: பேர்ட் கோப்பைப் படித்துப் புரிந்துகொள்வது, பழைய ஃபில்டர் இருந்த இடத்தில் புதியதை வைப்பது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ரூட்டுகளைப் புதிய ஃபில்டரின் வழியாக மறுபடி ஓட்டுவது. 'ரீகன்ஃபிகர்ட்' என்ற பதில் முதல் இரண்டுக்கு மட்டுமே சாட்சி. மூன்றாவதை யார் செய்கிறார்கள், எப்போது செய்கிறார்கள் என்பதை நீங்கள் ஒவ்வொரு முறையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

'சாஃப்ட்' என்ற சொல் அந்த மூன்றாவது கட்டத்தைத் தவிர்த்துவிடு என்று பேர்டுக்குச் சொல்கிறது. ஏற்கெனவே ஏற்ற ரூட்டுகள் பழைய ஃபில்டரின் தீர்ப்போடு அப்படியே இருக்கும், இனி வருகிறவை மட்டும் புதிய ஃபில்டரில் மாட்டும். சில ரூட்டுகள் மட்டும் போனதன் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். இரவில் எங்கோ ஏதோ அசைந்து அந்தப் பிரிஃபிக்ஸ்களுக்குப் புது அப்டேட் வந்திருக்கும், வந்தது புதிய ஃபில்டரில் பட்டு நின்றிருக்கும். இந்த அரைகுறை நிலைதான் ஆளைக் குழப்பும். எதுவுமே மாறாவிட்டால் சந்தேகப்பட்டுத் தேடுவோம், எல்லாமே மாறிவிட்டால் நிம்மதி, பாதி மாறினால் ஃபில்டரை எழுதியதில் தப்போ என்று மணிக்கணக்கில் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்போம்.

'ரீலோட் இன்' கொடுத்தால் என்ன நடக்கிறது? பேர்ட் அந்தப் பியருக்கு ரூட் ரிஃப்ரெஷ் என்ற ஒரு சின்னச் செய்தி அனுப்புகிறது, பியர் தன் பட்டியலை முதலிலிருந்து மறுபடி அனுப்புகிறது, எல்லாம் புதிய ஃபில்டரில் ஓடுகிறது. செஷன் விழுவதில்லை. இந்த வசதி 2000ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2918 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் வந்தது. அதற்கு முன்பு செஷனை அறுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும், இல்லையென்றால் பியர் அனுப்பிய எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியை நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். இன்று பரவலாக ஓடும் ரூட்டர்களில் இந்த வசதி இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆனாலும் நம்பிக்கையில் விடாதீர்கள். 'ஷோ ப்ரோட்டோகால்ஸ் ஆல்' என்று பியரின் பெயரோடு கொடுத்தால், எதிர்ப்பக்கத்தின் திறன்கள் பட்டியலில் 'ரூட் ரிஃப்ரெஷ்' என்ற வரி இருக்கிறதா என்று தெரியும். அது இல்லாவிட்டால் 'ரீலோட் இன்' தோற்றுப்போகும். திசை எதுவும் சொல்லாமல் வெறும் 'ரீலோட்' கொடுத்திருந்தால், உள்பக்கம் தோற்ற காரணத்தால் வெளிப்பக்கத்தையும் பேர்ட் செய்யாமல் விட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் 'சாஃப்ட்' போட்டதற்குக் காரணம் ஊகிக்க முடிகிறது. ஃபில்டர் மாறினால் பொதுவாக அந்தப் ப்ரோட்டோகால் (பேர்டில் ஒவ்வொரு பியர் இணைப்பும் ஒரு ப்ரோட்டோகால்) ரீஸ்டார்ட் ஆகும் என்று பேர்டின் கையேட்டில் ஒரு வாக்கியம் இருக்கிறது, அதைப் படித்தவர்கள் பயந்து 'சாஃப்ட்' பக்கம் போகிறார்கள். பேர்ட் 2இல் நடைமுறை அதைவிட மென்மையானது. ஃபில்டர் மட்டும் மாறியிருந்து, பியரிடம் ரூட் ரிஃப்ரெஷ் இருந்தால், வெறும் 'கன்ஃபிகர்' அந்த ரூட்டுகளைத் தானே மறுபடி கேட்டு வாங்கி ஓட்டிவிடும், செஷன் அசையாது. பியரிடம் அந்த வசதி இல்லாவிட்டால்தான் செஷனை விழவைத்து எழுப்பும். உங்கள் நிலையில், ஒரே ஒரு பியரின் ஃபில்டர் மாறியதற்கு, சாதாரண 'கன்ஃபிகர்' போதுமானதாக இருந்திருக்கும். எல்லாப் பியர்களும் பொதுவாகக் கூப்பிடும் ஒரு ஃபங்ஷனை மாற்றும்போதுதான் 'சாஃப்ட்' தன் வேலையைக் காட்டும். அப்போது சாதாரண 'கன்ஃபிகர்' எல்லாப் பியர்களிடமும் ஒரே நேரத்தில் பட்டியல் கேட்கும், முழு டேபிள், அதாவது இணையம் முழுவதற்குமான ரூட்டுகளை வாங்குகிறவர்களுக்கு ஐபிவி4 மட்டுமே ஒவ்வொரு அப்ஸ்ட்ரீமிலும் ஏறக்குறைய 10 லட்சம் ரூட், பேர்ட் 2 ஒற்றைத் த்ரெட்டில் ஓடுவதால் அந்தச் சில நிமிடம் மற்ற வேலைகளும் இழுபடும். அந்த இடத்தில் 'சாஃப்ட்' கொடுத்து, பிறகு ஒவ்வொரு பியராக, ஒன்று முடிந்ததைப் பார்த்துவிட்டு அடுத்தது என்று 'ரீலோட் இன்' கொடுப்பது நல்ல பழக்கம்.

எல்லா மாற்றமும் செஷன் விழாமல் நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பியரின் முகவரி, ஏஎஸ் எண் (நெட்வொர்க்கின் அடையாள எண்) இப்படிச் செஷன் திறக்கும்போதே தேவைப்படுகிற விஷயங்களை மாற்றினால் மறுபடி திறந்துதான் ஆக வேண்டும், எந்தக் கட்டளையும் அதைத் தவிர்க்காது. ஃபில்டர் மாற்றத்தையும் இந்த வகை மாற்றத்தையும் ஒரே கோப்பில் எழுதி ஒரே தடவையில் ஏற்றாதீர்கள். ஃபில்டருக்குத்தானே என்று நினைத்துக் கொடுத்த 'கன்ஃபிகர்' செஷனை அறுத்துவிட்டு வந்து நிற்கும்.

மேலதிகாரி சொன்ன ரீஸ்டார்ட்டுக்கு வருவோம். சர்வீஸை நிறுத்தி ஏற்றினால் இரண்டு அப்ஸ்ட்ரீம், எக்ஸ்சேஞ்ச் எல்லாம் சேர்ந்தே விழும். உங்கள் பிரிஃபிக்ஸை உலகம் முழுதும் திரும்பப் பெற்று மறுபடி அறிவிக்க வேண்டும், கெர்னல் ப்ரோட்டோகாலில் 'பெர்சிஸ்ட்' என்று எழுதாவிட்டால் பேர்ட் வெளியேறும்போது தான் போட்ட ரூட்டுகளையும் லினக்ஸ் கெர்னலிலிருந்து துடைத்துவிட்டுப் போகும். ரீஸ்டார்ட் நடக்கும்போதும் பியர் பழைய ரூட்டுகளை வைத்துக்கொள்ளும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் என்று ஒன்று இருக்கிறது, 2007இன் ஆர்எஃப்சி 4724, ஆனால் அது இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருந்தால்தான் உதவும். ஒரு பியரின் ஒரு ஃபில்டருக்காக எல்லோரையும் இருட்டில் வைப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை, இதை மேலதிகாரியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நீங்கள் தீவில், ரூட்டர் சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி. தப்பான ஒரு மாற்றத்தால் உங்களுக்கே ரூட்டர் எட்டாமல் போனால் என்ன செய்வது? இதற்குத்தான் 'கன்ஃபிகர் டைம்அவுட்' இருக்கிறது. எண் எதுவும் கொடுக்காவிட்டால் 300 விநாடி. அதற்குள் 'கன்ஃபிகர் கன்ஃபர்ம்' கொடுக்காவிட்டால் பேர்ட் தானாகவே முந்தைய கன்ஃபிகுக்குத் திரும்பும். ஜூனிப்பர் ரூட்டர்களின் ஜூனோஸில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' செய்வதும் இதே வேலைதான், அங்கே வழக்கமான அவகாசம் 10 நிமிடம். மைக்ரோடிக் ரூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதே போன்ற சேஃப் மோட். தூரத்திலிருக்கும் ரூட்டரில் இந்தக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ளாமல் எதையும் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அந்தக் கயிறும் 'சாஃப்ட்' சேர்ந்தால் அறுந்துவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. டைம்அவுட் முடிவது 'கன்ஃபிகர் அண்டூ' கொடுத்ததற்குச் சமம். கடைசி மாற்றம் சாஃப்டாக இருந்தால் அண்டூவும் சாஃப்டாகவே நடக்கும். 'கன்ஃபிகர் சாஃப்ட் டைம்அவுட்' கொடுத்துவிட்டு உடனே 'ரீலோட் இன்' கொடுத்தீர்கள், புதிய ஃபில்டரில் ஒரு தப்பு, தேவையான ரூட்டுகளும் போய்விட்டன, ரூட்டருக்குள் நுழைந்திருந்த உங்கள் எஸ்எஸ்எச் இணைப்பு உறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 விநாடி கழிந்ததும் பேர்ட் பழைய ஃபில்டரை எடுத்து வைக்கும், ஆனால் ரூட்டுகளை மறுபடி ஓட்டாது. ஃபில்டர் பழையது, டேபிள் புதியது, நீங்கள் இன்னும் வெளியேதான். அதனால் டைம்அவுட் வேண்டுமென்றால் 'சாஃப்ட்' இல்லாமல் கொடுங்கள், அப்போது திரும்பும்போதும் ரூட்டுகள் பழைய ஃபில்டரில் மறுபடி ஓடும். இன்னும் இரண்டு விஷயம்: அண்டூ ஒரே ஒரு படிதான் பின்னால் போகும், அதோடு பழைய கன்ஃபிகை அது நினைவகத்திலிருந்துதான் எடுக்கிறது, டிஸ்கில் உள்ள கோப்பைத் தொடுவதில்லை. தப்பான கோப்பு டிஸ்கில் அப்படியே கிடக்கும். ஒரு மாதம் கழித்து சர்வர் வேறு காரணத்துக்காக ரீபூட் ஆனால் அந்தத் தப்பு உயிரோடு எழுந்து வரும். அண்டூ ஆன கையோடு கோப்பையும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் ஃபில்டரைச் சோதிப்பது பற்றி. 'கன்ஃபிகர் செக்' இலக்கணப் பிழையைப் பிடிக்கும், உங்கள் எண்ணத்தில் உள்ள பிழையைப் பிடிக்காது. 203.0.113.0/24 என்று மட்டும் எழுதினால் அந்த அளவு மட்டுமே பொருந்தும். பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டால் அதற்குள் அடங்கும் சின்னச் சின்னப் பிரிஃபிக்ஸ்களும் பொருந்தும். இரண்டுமே இலக்கணப்படி சரி, விளைவு முற்றிலும் வேறு. நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது: புதிய ஃபில்டரை வேறு பெயரில் எழுதி, எந்தப் பியரிலும் மாட்டாமல் ஏற்றுங்கள். யாரும் பயன்படுத்தாததால் எதுவும் அசையாது. பிறகு 'ஷோ ரூட் ஃபில்டர்' என்று அந்தப் பெயரைக் கொடுத்து, 'ப்ரோட்டோகால்' என்று பியரின் பெயரையும் கடைசியில் 'கவுண்ட்' என்பதையும் சேர்த்தால், இப்போது டேபிளில் உள்ளதில் எத்தனை தேறும் என்று எண்ணிக்கை வரும். நீங்கள் நாற்பது பிரிஃபிக்ஸைத் தள்ள நினைத்திருந்து, எண்ணிக்கை நாற்பதாயிரம் குறைந்தால், மாட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. டேபிளில் இருப்பது பழைய ஃபில்டர் ஏற்றவை மட்டும். ஃபில்டரை இறுக்கும்போது இது நம்பகமான சோதனை, தளர்த்தும்போது உதவாது, ஏனென்றால் முன்பு தள்ளியவை அங்கே இல்லவே இல்லை. அவையும் வேண்டுமென்றால் 'இம்போர்ட் கீப் ஃபில்டர்ட்' போட்டு ஒரு தடவை 'ரீலோட் இன்' செய்துகொள்ளுங்கள், தள்ளியவை ஒளிந்த நிலையில் தங்கும், 'ஷோ ரூட் ஃபில்டர்ட்' அவற்றைக் காட்டும். அதைவிட நல்லது 'இம்போர்ட் டேபிள் ஆன்'. பியர் அனுப்பியதை ஃபில்டருக்கு முந்தைய நிலையிலேயே பேர்ட் வைத்துக்கொள்ளும், ஃபில்டர் மாறினால் பியரைக் கேட்காமல் தன் கையிலிருப்பதையே ஓட்டிக்கொள்ளும். விலை நினைவகம், ஆனால் இன்றைய சர்வரில் அது பெரிய விலை கிடையாது. பிரிஃபிக்ஸ் பட்டியலை பிஜிபிக்யூ4 போன்ற கருவியால் தானாக உருவாக்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தரவு கொடுக்கும் சர்வர் பதில் தராத நாளில் கோப்பு காலியாகவோ பாதியாகவோ வரலாம். புதியதை நேற்றையதோடு ஒப்பிட்டு, திடீரென்று சுருங்கியிருந்தால் ஏற்றாமல் நிற்கும்படி ஸ்கிரிப்டில் எழுதிவையுங்கள்.

நீங்கள் கேட்டது இம்போர்ட் பக்கம். நாம் வெளியே அறிவிக்கும் எக்ஸ்போர்ட் பக்கத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 'ரீலோட் அவுட்' எப்போதும் வெற்றி பெறும், பியரின் சம்மதம் எதுவும் அதற்குத் தேவையில்லை, உங்கள் தப்பு உடனே மற்றவர்களின் ரூட்டருக்குப் போய்விடும். மலேசியாவில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 2015 ஜூன் 12ஐ மறக்க மாட்டார்கள். அன்று மாலை நம் நேரம் 4:43 அளவில் டெலிகாம் மலேசியாவின் ஏஎஸ் 4788, சுமார் 1,79,000 பிரிஃபிக்ஸ்களை லெவல் 3 நிறுவனத்துக்குக் கசியவிட்டது, எதிர்ப்பக்கம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது, உலகின் பல பகுதிகளில் இணையம் மெதுவாகிப்போனது. இரண்டு பக்கத்தில் ஒரு பக்கமாவது தடுத்திருக்க வேண்டும். அதனால் எக்ஸ்போர்ட் ஃபில்டரைத் தொட்டால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் 'ஷோ ரூட் எக்ஸ்போர்ட்' கொடுத்து, பியர்வாரியாக எத்தனை ரூட் வெளியே போகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களைப் போன்ற நெட்வொர்க்குக்கு அது விரல்விட்டு எண்ணக்கூடிய எண்ணிக்கையாகத்தான் இருக்கும். அதற்கு மேல் போகாதபடி எக்ஸ்போர்ட் லிமிட்டும் போட்டுவையுங்கள்.

பேர்டுக்குப் பதில் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. அங்கே ஃபில்டர் வேலை செய்யும் ரூட்மேப்பை விடிஒய்எஸ்எச் என்ற கட்டளைத் திரையில் ஒவ்வொரு வரியாகத் தட்டும்போதே மாற்றம் உயிரோடு இருக்கிறது, மாறிய ரூட்மேப்பை பிஜிபி மறுபடி ஓட்டுவதற்கு முன் காத்திருக்கும் அவகாசம் வழக்கமாக 5 விநாடி. நீங்கள் பழைய பிரிஃபிக்ஸ் லிஸ்டை நீக்கிவிட்டுப் புதியதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பட்டியல் அமலுக்கு வந்துவிடும். புதிய பெயரில் முழுதாக எழுதி முடித்து, கடைசியில் ரூட்மேப்பில் பெயரை மட்டும் மாற்றுவது பாதுகாப்பு. கோப்பாகத் திருத்துகிறவர்கள் எஃப்ஆர்ஆர் ரீலோட் ஸ்கிரிப்டை முதலில் டெஸ்ட் நிலையில் ஓட்டி, என்னென்ன வரி மாறப்போகிறது என்று படித்துவிட்டு ஏற்றுங்கள்.

எந்தப் பிரிஃபிக்ஸை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்று சரிபார்க்கும் ஆர்பிகேஐ பயன்படுத்தினால், அந்த அனுமதிப் பதிவான ஆர்ஓஏ மாறும்போது பேர்ட் சம்பந்தப்பட்ட ரூட்டுகளைத் தானே மறுபடி ஓட்டும். இம்போர்ட் டேபிள் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பியருக்கு ரூட் ரிஃப்ரெஷ் போகும், பியருக்கு அது தொல்லை. இதைத் தவிர்க்கத்தான் 2022இன் ஆர்எஃப்சி 9324 எழுதப்பட்டது, வந்ததை முழுதாக வைத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம்.

இப்போது உங்கள் நிலைமையில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துவிடுகிறேன். சாஃப்ட் கொடுத்ததால் பழைய ரூட்டுகள் தங்கின என்பது உறுதி. ஆனால் உங்கள் கன்ஃபிகை நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்த ரூட்டுகளில் சில முதல் அப்ஸ்ட்ரீமிலிருந்தோ எக்ஸ்சேஞ்சிலிருந்தோ வந்தவையாக இருக்கலாம், அப்படியென்றால் ரீலோட் செய்தாலும் அவை இருக்கும், இருக்கவும் வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ப்ரோட்டோகால் பெயர் காட்டும், அதைப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட டேபிள்களை பைப் என்ற பேர்டின் உள் இணைப்பால் இணைத்திருந்தால் தேடும் இடமும் மாறும், பைப்பிலும் தனி ஃபில்டர் இருக்கலாம்.

இன்றிரவு செய்ய வேண்டியது இவ்வளவுதான். 'ஷோ ப்ரோட்டோகால்ஸ் ஆல்' கொடுத்து இறக்குமதியான எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள், ரூட் ரிஃப்ரெஷ் வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரை 'ஷோ ரூட் ஃபில்டர்' வழியாக எண்ணிச் சரிபாருங்கள். நீங்கள் உள்ளே வரும் பாதை அந்த இரண்டாவது அப்ஸ்ட்ரீமைச் சார்ந்து இல்லை என்று உறுதி செய்துகொண்டு 'ரீலோட் இன்' கொடுங்கள், எண்ணிக்கை நீங்கள் எதிர்பார்த்த அளவு மட்டும் குறைய வேண்டும், 'சின்ஸ்' என்ற நேரம் மாறாமல் இருந்தால் செஷன் விழவில்லை. ரூட் ரிஃப்ரெஷ் வரி இல்லாவிட்டால் அந்த ஒரு செஷனை மட்டும் 'ரீஸ்டார்ட்' கட்டளையால் எழுப்ப வேண்டிவரும், அதற்கு அப்ஸ்ட்ரீமின் என்ஓசிக்கு (நெட்வொர்க் கண்காணிப்பு மையத்துக்கு) முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டு அதிகாலை நேரம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 'இம்போர்ட் டேபிள் ஆன்' என்ற வரியைச் சேர்த்தாலும் செஷன் ஒரு முறை விழுந்தெழத்தான் செய்யும், எனவே அதையும் அதே நேரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.